நாலு கட்டைச் சுருதி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாகேஸ்வரன் கீபோர்டை உறையில் போட்டுக் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தம்பானூருக்குப் புறப்பட்டார். கருவி கெட்டுவிட்டது என்பதில் அவருக்கு அணுவளவும் சந்தேகமில்லை.

கீபோர்டு அவருடையது அல்ல. யோசுவாவுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யோசுவா, சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருக்கும் நாகேஸ்வரன் வீட்டுக்கு வருவார். ஏழு மணிக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தைந்தாவது ஆண்டு விழா. சுமந்து அலைவானேன் என்று இந்த வாரம் மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அன்று காலை குளித்துப் பூஜை முடித்ததும் நாகேஸ்வரனுக்குத் தானே ஒருமுறை பாடிப் பார்க்கலாமே என்று தோன்றிற்று. சுவிட்சைப் போட்டு, நாலு கட்டைக்கு உரிய வெள்ளைக் கட்டையை விரலால் அழுத்திக்கொண்டு முதல் பாட்டை எடுத்தார். பல்லவியிலேயே தொண்டை இறுகியது. சரணத்தின் உச்சியில் குரல் நின்றே போயிற்று. வெந்நீர் குடித்தார். மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்று நாளுக்கு முன்னால், சனிக்கிழமை, இதே உச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டவர் அவர். தொண்டையில் கரகரப்பு இல்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டை சரியாக இருக்கும்போது பாட்டு ஏறவில்லையென்றால் கோளாறு கருவியில்தான் இருக்க வேண்டும். தலைமைச் செயலகத்தில் முப்பத்தோரு வருஷம் கோப்பு பார்த்தவர். ஒரு முடிவுக்கு வந்தாரானால் அதற்குக் காரணம் எழுத்தில் இருக்கும்.

நாலு கட்டை என்பது அவர் குடும்பத்துக்கு வெறும் சுருதி அல்ல. அவருடைய அப்பா சிவராமன் சென்னைக்குப் போய்ப் பத்து வருஷத்தில் பதினாலு சினிமாப் பாட்டுப் பாடியவர். எல்லாமே நாலு கட்டையில். மற்ற ஆண்கள் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு கட்டையில் பாடிக்கொண்டிருந்த காலம் அது. பதினைந்தாவது பாட்டுக்கு, கதாநாயகனின் பேச்சுக் குரலோடு ஒட்டவில்லை, ஒரு கட்டை இறக்கிப் பாடுங்கள் என்று சொன்னார்கள். சிவராமன் அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறித் திருவனந்தபுரம் வந்துவிட்டார். அதற்குப் பிறகு சினிமாப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். கல்யாணம் பேச வருகிறவர்களுக்குக்கூட இதைச் சொல்லாமல் காபி கொடுத்ததில்லை.

அப்பா போன ஐந்தாம் வருஷம் நாகேஸ்வரன் 'சிவராமன் இசைக்குழு'வைத் தொடங்கினார். பதினாலே பாட்டு. வேறு பாட்டு கிடையாது. கச்சேரிக்குப் போய்ச் சம்பாதிப்பது கிடையாது. சனிக்கிழமை தவறக் கூடாது. ஐந்து விதிகள் எழுதித் தட்டச்சு செய்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். மூன்றாவது விதி இது: "பாடகர் எவரும் இசைத்தட்டில் உள்ள மூலச் சுருதியிலேயே பாட வேண்டும். இயலாதவர் குழுவிலிருந்து விலக்கப்படுவார்."

அந்த விதியை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டி வந்தது. ஞானசிகாமணி பாறசாலைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். குழு தொடங்கிய நாளிலிருந்து இருபத்து மூன்று வருஷம் நாகேஸ்வரனோடு பாதிப் பாதியாகப் பாடியவர். ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு சனிக்கிழமை, "சாரே, இந்த மூணாவது பாட்டை மட்டும் ஒரு கட்டை இறக்கிப் பாடட்டா? நெஞ்சு இழுக்குது" என்று கேட்டார். எல்லோர் முன்னிலையிலும்தான் கேட்டார். எல்லோர் முன்னிலையிலும் நாகேஸ்வரன் விதிகள் இருந்த கோப்பை எடுத்து வந்து மூன்றாவதை வாசித்தார். ஞானசிகாமணி காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

நாகேஸ்வரனுக்கு நெஞ்சு உறுத்தாமல் இல்லை. ஆனால் அப்பா செய்ததும் அதுதானே என்று நினைத்துக்கொள்வார். உறுத்தல் அடங்கும்.

விழா அழைப்பிதழில் 'மூலச் சுருதி மாறாமல் முப்பத்தைந்து ஆண்டுகள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவரே எழுதிக் கொடுத்த வரி.

தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்த பழுதுபார்க்கும் கடையில் பிரபின் என்ற இளைஞன் கீபோர்டைப் பிரித்து மேஜையில் வைத்தான்.

"என்ன கம்ப்ளெயின்ட், சாரே?"

"சுருதி ஏறிப்போயிருக்கு. நாலை அழுத்தினா ஆறு கேக்கறது."

பிரபின் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கைப்பேசியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். "கரெக்டா இருக்கு. ஒரு கேடும் இல்ல."

"நன்னாப் பாரு. நான் முப்பத்தஞ்சு வருஷமா இதே சுருதியில பாடறவன்."

"கீபோர்டு தானா ஏறாது, சாரே. நாம ஏத்தினா ஏறும், இறக்கினா இறங்கும்." அவன் ஏதோ நினைத்துக்கொண்டு இன்னொரு பொத்தானை அழுத்தினான். சின்னத் திரை வெளிச்சமாயிற்று. "ஆ, இதாக்கும் சங்கதி. இங்க பாருங்க."

திரையில் ஆங்கில எழுத்தில் 'சார் 1' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கழித்தல் குறி, ஒன்று. அடுத்த பொத்தானில் 'சார் 2', கழித்தல் இரண்டு. அதற்கடுத்து மூன்று. கடைசியில் 'சார் 4', கழித்தல் நான்கு.

"இதை வாசிக்கிற ஆள் சேவ் பண்ணி வெச்சிருக்காரு. சுவிட்சைப் போட்டதும் இதில ஒண்ணை அழுத்துவாரு. விரல் பழைய எடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் படி படியா கீழ வரும்." நாலாவதை அழுத்திவிட்டு அதே வெள்ளைக் கட்டையில் விரலை வைத்தான். "இப்போ பாடுங்க, சாரே."

நாகேஸ்வரன் பாட விரும்பவில்லை. ஆனால் அந்த ஒலியைக் கேட்டதுமே தொண்டை தானாகத் திறந்துகொண்டது. சனிக்கிழமை ஒலி அது. சரணம் தடையில்லாமல் மேலே போயிற்று. கடைக்கு வெளியே சாலையைக் கடக்க நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"சூப்பர்," என்றான் பிரபின். "வயசானவங்களுக்கு எல்லாரும் இப்படித்தான் போட்டுக் கொடுப்பாங்க. அதில ஒரு குறைச்சலும் இல்ல."

"இது எத்தனை கட்டை?"

"நாலு படி கீழ. மூணு, ரெண்டரை, ரெண்டு, ஒன்றரை. ஒன்றரை வரும், சாரே."

ஒன்றரைக் கட்டை. ஊரில் போகிற வருகிறவனெல்லாம் பாடுகிற ஒன்றரைக் கட்டை. கீபோர்டை உறையில் போட்டுக் கட்டினார். முடிச்சை மட்டும் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

வீட்டில் அனந்தலக்ஷ்மி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெட்டியோடு உள்ளே வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"நோக்குத் தெரியுமா?"

"எது?"

"லக்ஷ்மி, நான் கேக்கறது எதுன்னு நோக்குத் தெரியும்."

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "தெரியும்."

"எத்தனை நாளா?"

"நாளா? வருஷம்னு கேளுங்கோ." அவள் குரலில் பயம் இல்லை, அதுதான் அவரைச் சுட்டது. "சமையலறையிலேர்ந்து கேக்கறவளுக்குத் தெரியாதா? மாமனார் பாட்டை நான் கல்யாணம் ஆன நாளா கேக்கறேன். ஒருநாள் அது வேற மாதிரி கேட்டுது. எட்டிப் பார்த்தேன். யோசுவா என்னைப் பார்த்தார். நான் காபியைக் கொண்டு வெச்சுட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பேள்? ஞானசிகாமணியை அனுப்பிச்ச மாதிரி உங்களை நீங்களே அனுப்பிச்சுண்டிருப்பேள். அப்புறம் சனிக்கிழமை நாலு மணிக்கு இந்த ஆத்துல என்ன இருக்கும்? நீங்களும் நானும் டீவியும்."

"ஊர் முழுக்க அழைப்பிதழ் போயிருக்கு. மூலச் சுருதி மாறாமல்னு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"யாரு இப்போ கட்டையை அளந்துண்டு வரப்போறா? போட்டும்னு விடுங்கோ."

போட்டும். அப்பா அப்படி விட்டிருந்தால் பதினாலு பாட்டு நானூறு ஆகியிருக்கும். விடாததுதானே இந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே சொத்து. அதை அவர் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு நாற்பத்தேழு வருஷத்துக்கு முன் வந்தவளுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றால் சொல்லியும் பயனில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உண்மையான நாலு கட்டையில் பாடிப் பார்த்தார். ஒருமுறைகூட உச்சியைத் தொட முடியவில்லை. ஆனால் அந்த உயரம் இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது, அதற்கு எவ்வளவு கீழே தான் நிற்கிறார், எல்லாம் தெரிந்தது. பத்து வருஷமாகத் தெரியாதது.

சனிக்கிழமை நாலு மணிக்கு யோசுவாவும் சிபியும் வந்தார்கள். சிபி கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். ஆறு வருஷமாகக் குழுவில் கிடார் வாசிக்கிறான். யோசுவா வழக்கம்போல் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். அவர் விரல் பொத்தானை நோக்கிப் போகும் வரை நாகேஸ்வரன் காத்திருந்தார்.

"அதுல சார்னு நாலு பொத்தான் இருக்கே, யோசுவா. முதல் பொத்தான் எப்போ போட்டது?"

விரல் அந்தரத்தில் நின்றது. சிபி தலையைக் குனிந்துகொண்டு, சரியாக இருந்த கிடார்க் கம்பியை முறுக்கத் தொடங்கினான்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு," என்றார் யோசுவா மெதுவாக. "ஓணம் கழிஞ்சு வந்த சனிக்கிழமை. உங்களுக்கு ஜலதோஷம். அன்னைக்கு ஒரு நாளைக்குன்னுதான் போட்டேன், சாரே. நீங்க பாடி முடிச்சிட்டு, 'பார்த்தேளா யோசுவா, அறுபத்திரண்டு வயசுலயும் அப்பாவோட சுருதி'ன்னு சொன்னீங்க. பின்னே அதை நான் எப்படி எடுக்க?"

"மறுவாரம் எடுத்திருக்கலாம்."

"எடுத்துப் பார்த்தேன். உங்களுக்கு முட்டிச்சு. சட்டுனு திரும்பவும் போட்டுட்டேன். நீங்க தண்ணி குடிச்சிட்டுப் பாடினீங்க, நல்லா வந்தது. தண்ணிதான் காரணம்னு நினைச்சீங்க."

"நாலாவது?"

"கொரோனா கழிஞ்சு."

நாகேஸ்வரன் சிபி பக்கம் திரும்பினார். "நீயும் கூட்டா?"

"வந்த அன்னிக்கே யோசுவா அங்கிள் சொல்லிட்டார், அங்கிள். இந்த வீட்டுல கீபோர்டு என்ன சொல்லுதோ அதுக்கு டியூன் பண்ணிக்கோ, வாயைத் திறக்காதேன்னு. எல்லா பேண்டுலயும் உள்ளதுதானே இது. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்களுக்கே பண்றாங்க."

"பெரிய ஆளுங்களுக்குத் தெரிஞ்சு பண்ணுவா. எனக்குத் தெரியாம பண்ணினது யார் யோசனை? யோசுவா, உங்களுக்கு இந்த தைரியம் கிடையாது. யார் சொன்னா?"

சிபிதான் சொன்னான். "ஞானசிகாமணி அங்கிள்."

யோசுவா அவனை முறைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "நானும் அவனும் ஒரே சபை, சாரே. அந்த மறுவாரம் சர்ச்சுல பார்த்தப்போ சொன்னேன், நாகேஸ்வரன் சாருக்குக் குரல் கீழ வருது, என்ன செய்யன்னு தெரியலைன்னு. அவன் சிரிக்கல. 'அவருக்கு அந்த நாலு கட்டையை விட்டா வேற ஒண்ணும் இல்ல. பொத்தானை அழுத்து, வாயை மூடு'ன்னான். அவ்வளவுதான்."

எதிரி ஒருவன் ஊரறிய அவமானப்படுத்தியிருந்தால் நாகேஸ்வரன் தாங்கியிருப்பார். முதுகை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லியிருப்பார். இது அப்படி அல்ல. தான் கதவைக் காட்டி வெளியே அனுப்பிய ஆள், பத்து வருஷமாக வெளியே நின்றபடியே தன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். தூக்கிப் பிடித்தவர்கள் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைக் காட்டியிருக்கிறார்கள். நடுவில் இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருக்கிறார்.

"நாளைக்கு விழா நடக்கும்," என்றார். "முதல் பாட்டு, நாலு கட்டை. பொத்தான் கிடையாது."

"சாரே, தொண்டை உடைஞ்சு போகும்."

"உடையட்டும். எல்லாருக்கும் தெரியற மாதிரி உடையட்டும். அப்புறம் விதி மூணைப் படிச்சுட்டு நான் இறங்கிடுவேன். நான் தோத்தேன்னுதான் சொல்லுவா. ஏமாத்தினேன்னு யாரும் சொல்ல முடியாது. எங்கப்பா பேரு சுத்தமா இருக்கும்." யோசுவாவின் பக்கம் திரும்பினார். "சத்தியம் பண்ணுங்கோ, யோசுவா."

"சத்தியம் பண்ணாதேன்னு பைபிள்ல இருக்கு, சாரே. நாங்க பண்ண மாட்டோம். சரின்னா சரிதான்."

"அப்போ சரின்னு சொல்லுங்கோ."

"சரி."

அவர்கள் போனதும் நாகேஸ்வரன் பழைய டைரியில் எண் தேடி ஞானசிகாமணியைக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரலில் மாற்றமில்லை.

"நாளைக்குக் காலம்பற பத்தரைக்கு விழா. நீங்க வரணும்."

"பாடவா, சாரே?"

"கேக்கறதுக்கு. உங்க காது பொய் சொல்லாது. அதுக்குத்தான் கூப்பிடறேன்."

"வாறேன்," என்றார் ஞானசிகாமணி.

மண்டபம் நிறைந்திருந்தது. சென்னையிலிருந்து மட்டும் பதினோரு உறவினர்கள். அக்ரஹாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். அனந்தலக்ஷ்மி அரக்கு நிறப் பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது வரிசை ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் ஞானசிகாமணி. முடி முழுக்க நரைத்திருந்தது.

நாகேஸ்வரன் மேடையேறியதும் முதலில் கீபோர்டிடம் போனார். திரையைக் குனிந்து பார்த்தார். பூஜ்யம். யோசுவா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "போதுமா, சாரே?"

"போதும்."

தம்பி மகன் ஹரிஷங்கர் வரவேற்புரை சொன்னான். தாத்தா சிவராமன் ரயில் ஏறி வந்த கதையைச் சொன்னான். கைதட்டல். பிறகு நாகேஸ்வரன் ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றார்.

"இந்தக் குழுவுக்கு ஒரு விதி உண்டு," என்றார். "அப்பா பாடின நாலு கட்டையில பாட முடியாதவா விலகணும். நானும் விலக்கு இல்லை. இன்னிக்கு என் குரல் எட்டலைன்னா நான் இதே இடத்துல விலகிக்கறேன். எல்லாரும் சாட்சி."

யோசுவா முன்னிசையை வாசித்தார். நாகேஸ்வரன் பல்லவியை எடுத்தார்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு முட்டிப் பார்த்த சுவர் அங்கே இல்லை. குரல் பழகிய படியில் பழகிய காலை வைத்து ஏறியது. வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பொத்தான் அமுக்கப்பட்டிருக்கிறது. அவர் திரும்பி யோசுவாவைப் பார்த்தார். யோசுவா கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் ஒரு கணம் முன்வரிசைக்குப் போய்த் திரும்பியது. அரக்குப் புடவை.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாட்டு அவரைக் கொண்டுபோயிற்று. எழுபத்திரண்டு வயதில் சரணத்தின் உச்சி சிரமமில்லாமல் வருகிறபோது அதை விட்டுவிடத் தொண்டை சம்மதிக்கவில்லை. கடைசி வரை பாடினார். நன்றாகவே பாடினார். அதை அவர் பிற்பாடு தனக்குத் தானே மன்னித்துக்கொள்ளவே இல்லை.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சென்னை உறவினர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாகேஸ்வரன் கையைத் தூக்கி அமர்த்தினார்.

"ஒரு நிமிஷம். இங்க ஒருத்தர் வந்திருக்கார். இருபத்து மூணு வருஷம் என்னோட பாடினவர். சுருதி விஷயத்துல அவர் காது தராசு மாதிரி. ஞானசிகாமணி, எழுந்திருங்கோ."

ஞானசிகாமணி எழுந்து நின்றார். எல்லாத் தலைகளும் திரும்பின.

"நான் இப்போ பாடினது எத்தனை கட்டை? சபையில சொல்லுங்கோ."

இந்த ஒருவர் பொய் சொல்லமாட்டார் என்று நாகேஸ்வரன் நம்பினார். பொய் சொல்ல அவருக்குக் காரணமில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு இன்று ஒரே வார்த்தையில் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். தீர்க்கட்டும் என்றுதான் நாகேஸ்வரன் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஞானசிகாமணி யோசுவாவைப் பார்த்தார். அனந்தலக்ஷ்மியைப் பார்த்தார். பிறகு நேராக மேடையைப் பார்த்தார்.

"நாலு கட்டை, சாரே," என்றார். "சுத்தமான நாலு."

கைதட்டல் மறுபடி எழும்பியது. நாகேஸ்வரன் ஒலிபெருக்கியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை. அவர் சொல்றது பொய். இது ஒன்றரைக் கட்டை. பத்து வருஷமா எனக்கு இறக்கித்தான் வாசிக்கறா. நான் நாலு கட்டையில பாடறவன் இல்லை."

பிறகு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அன்பான சிரிப்பு. அந்தச் சிரிப்பு பின்னால் பரவியது. ஹரிஷங்கர் அவர் கையிலிருந்து ஒலிபெருக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"அதாக்கும் எங்க பெரியப்பா," என்றான். "நன்னாப் பாடிட்டுப் பாடலைன்னு சொல்ற மனுஷாளை இந்தக் காலத்துல எங்க பார்ப்பேள்?"

மூன்றாவது முறையாக மண்டபம் எழுந்து நின்றது. பொன்னாடையை யாரோ தோளில் போர்த்தினார்கள். உண்மையைச் சொல்லிவிட்டார், ஊரறியச் சொல்லிவிட்டார். அது அடக்கம் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. இனி எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான் திரும்பி வரும்.

சாப்பாட்டுக்குப் பந்தி போட்டுக்கொண்டிருந்தபோது ஞானசிகாமணி கைகழுவும் இடத்தருகே தனியாக நின்றார். நாகேஸ்வரன் நேராக அவரிடம் போனார்.

"ஏன்?"

ஞானசிகாமணி கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் ஒரு கட்டைதான் கேட்டேன், சாரே. நீங்க தரல. இன்னைக்கு நீங்க கேட்காமலே நான் ரெண்டரை தந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

"இது தயவா, பழியா?"

"எனக்கே தெரியல," என்றார் ஞானசிகாமணி. பொய் சொல்லாத பழைய முகம் அதில் ஒரு கணம் தெரிந்தது. "பந்தி போட்டாச்சு. வாங்க, சாப்பிடலாம்."

நாகேஸ்வரன் சாப்பிடவில்லை. பொன்னாடையை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தார்.

அந்த வாரம் அவர் யாரோடும் சண்டை போடவில்லை. அனந்தலக்ஷ்மி இரண்டு தடவை பேச்சை எடுத்தாள். "பதினோரு பேர் மெட்ராஸ்லேர்ந்து வந்திருந்தா. அவா முன்னாடி உங்க தொண்டை கிழியறதை நான் உக்காந்து பார்த்துண்டிருக்கணுமா? அதான் யோசுவா கையைப் பிடிச்சுண்டு கேட்டேன்" என்றாள். அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். வியாழக்கிழமை அவர் பழைய கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவின் பெயர் அச்சிட்ட தாளில் தன் கைப்பட எழுதினார். நாலு பிரதி.

சனிக்கிழமை நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. யோசுவா கீபோர்டோடு நின்றார், சிபி கிடாரோடு. ஒன்றும் நடக்காததுபோல வந்திருந்தார்கள். அல்லது அப்படி நடந்துகொள்வது என்று பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாகேஸ்வரன் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. ஆளுக்கொரு தாளை நீட்டினார். படித்து முடிக்கும் வரை நின்றார்.

"விதி மூன்றின்படி, மூலச் சுருதியில் பாட இயலாத பாடகர் எஸ். நாகேஸ்வரன், 2015 செப்டம்பர் முதல் குழுவிலிருந்து விலக்கப்பட்டவராகக் கருதப்படுகிறார். அந்நாளுக்குப் பின் அவர் பாடியவை இக்குழுவின் பெயரில் பாடப்பட்டவை அல்ல. நகல்: திரு. யோசுவா, திரு. சிபி, திரு. ஞானசிகாமணி." கீழே நிறுவனர் என்று போட்டு அவர் கையெழுத்து.

யோசுவா தாளை இரண்டாவது தடவை படித்தார். "பின்னே யாரு பாடுவாங்க, சாரே?"

"அது குழு முடிவு பண்ணும். நான் குழுவுல இல்லை. நாலாவது பிரதி என் கோப்புக்கு. மூணாவதை ஞானசிகாமணிகிட்ட நீங்களே கொடுத்துடுங்கோ. ஒரே சபைதானே."

"இதை நாங்க ஒத்துக்க மாட்டோம்," என்றான் சிபி.

"உங்க ஒப்புதலை நான் கேக்கலை. நீங்களும் என்கிட்ட கேக்கலையே."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பியபோது அனந்தலக்ஷ்மி கூடத்தில் நின்றிருந்தாள். கையில் தட்டு, தட்டில் நாலு டம்ளர் காபி, சனிக்கிழமைதோறும் போடுகிற அளவில். அவருடைய டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மற்ற மூன்றோடும் அவரைக் கடந்துபோய், ஒரு கையால் தாழ்ப்பாளை நீக்கி வெளியே போனாள்.

அவர் தடுக்கவில்லை. வெளியே தெருவில் மூன்று பேரும் தணிந்த குரலில் பேசிக்கொள்வது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்கக் கூடாது என்று உறுதியாக, முதுகை நிமிர்த்திக்கொண்டு, நாகேஸ்வரன் கூடத்தின் நடுவில் நின்றார்.